பசுமை அங்கீகாரம்: மதுரைக் கல்லூரி எந்த வாசலில் போய் நிற்பது?

அட்மிஷன் சீசனில் கோரிப்பாளையத்திலிருந்து திருப்பரங்குன்றம் வரை கல்லூரி ஃபிளெக்ஸ்களைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு மாற்றம் கண்ணில் படும். முன்பெல்லாம் கல்லூரிகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான நாக் (NAAC) கொடுத்த கிரேடும் ரேங்க் எடுத்தவர்களின் போட்டோவும்தான் இருக்கும். இப்போது ஒரு மூலையில் பச்சை இலைப் படம், பக்கத்தில் 'கிரீன் கேம்பஸ்' என்று ஒரு வரி. யார் கொடுத்தார்கள், எந்த வருடம், எதை வைத்துக் கொடுத்தார்கள் என்பது பொடி எழுத்தில் இருக்கும். பல நேரம் இருக்கவே இருக்காது.

இதைப் பார்த்துவிட்டு வரும் நிர்வாகம் அடுத்த ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) கூட்டத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நாமும் ஏதாவது ஒன்றுக்குப் போடலாமே, எதற்குப் போடுவது?" அந்த மேசையில் உட்கார்ந்து படிவங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படிவம் உங்களை எதையெல்லாம் அளக்க வைக்கிறது, அளந்ததை வெளியாள் யாராவது சரிபார்க்க முடியுமா என்ற இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். லோகோவைப் பார்த்துப் போனால் செலவுதான் மிஞ்சும். பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் வசதி, வேலைவாய்ப்பு என்றுதான் விசாரிக்கிறார்கள். இலைப் படத்தைப் பார்த்து யாரும் ஃபீஸ் கட்டுவதாக எனக்குத் தெரியவில்லை.

தவிர்க்க முடியாதது: நாக்

நாக்கில் தேர்வு என்ற பேச்சுக்கே பெரிதாக இடமில்லை, எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். ஆனாலும் ஒப்பீட்டுக்கு அடித்தளம் அதுதான். 1994-ல் தொடங்கிய இந்த அமைப்பு 2017-ல் திருத்திக் கொண்டுவந்த முறையில் ஏழு அளவுகோல்கள், மொத்தம் 1000 மதிப்பெண். ஏழாவது அளவுகோலுக்கு 100. அதிலும் சுற்றுச்சூழல், பாலினச் சமத்துவம், மாற்றுத்திறனாளி வசதி எல்லாம் சேர்ந்த 7.1-க்கு 50தான். சாப்பாட்டு இலையில் ஊறுகாய் வைத்த மாதிரி.

கேட்கிற கேள்விகள் நல்ல கேள்விகளே. சூரிய மின்சாரம் உண்டா, எல்.இ.டி. விளக்கு போட்டாயிற்றா, மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா, வளாகத்துக்குள் வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டா, பிளாஸ்டிக்கைத் தடை செய்தாயிற்றா. சிக்கல் என்னவென்றால், இவற்றில் பலவும் இருக்கிறதா இல்லையா என்ற வகைக் கேள்விகள். சோலார் பேனல் ஒன்று இருந்தால் டிக் போடலாம். அது போன வருடம் எத்தனை யூனிட் கொடுத்தது, அழுக்குப் படிந்து பாதி செத்துக் கிடக்கிறதா என்று கேட்க ஆளில்லை. ஆகையால் ஆதாரம் என்பது எடுத்த இடம் பதிவான, ஜியோடேக் போட்ட போட்டோவாகச் சுருங்கிவிடுகிறது. நாக்கின் ஆய்வுக் குழுவான பியர் டீம் வருவதற்கு முந்தைய வாரம் எந்தக் கல்லூரிக்குள் போனாலும் பச்சையும் நீலமுமாகப் புதுக் குப்பைத் தொட்டிகள் நிற்கும், சிலவற்றில் விலை ஸ்டிக்கர்கூட உரித்திருக்காது. மரக்கன்று நட்டு, நட்டவரின் பெயர்ப் பலகையும் வைத்திருப்பார்கள். பலகை கன்றைவிடப் பெரிதாக இருக்கும். இப்படி ஒரு ஏப்ரல் மாத நடவில் தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் என் காதோடு சொன்னது: "சார், இப்ப வச்சா நிக்காது. ஐப்பசி மழைக்கு வைங்க." அவர் சொன்னதைக் கேட்கிற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

கிரேடு முறையை விட்டுவிட்டு, அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறைக்கும், அதற்கு மேல் ஐந்து படிநிலைகளுக்கும் போகப்போவதாக நாக் 2024-ல் அறிவித்தது. எந்த முறை வந்தாலும் ஆதாரக் கோப்பு கேட்பார்கள். மற்ற ஏதாவது ஒன்றுக்காக ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால் நாக்குக்கான கோப்பு தானாகவே தயாராகிவிடும். தலைகீழாகச் செய்தால் நடக்காது. நாக்குக்காக எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு வேறு எங்கும் பதில் எழுத முடியாது.

காசு கொடுத்தால் கிடைப்பது

நாக்கில் பசுமைத் தணிக்கை அறிக்கைக்கு மதிப்பெண் உண்டு என்றதும் அதற்கென ஒரு சந்தையே முளைத்துவிட்டது. பசுமைத் தணிக்கை, சுற்றுச்சூழல் தணிக்கை, ஆற்றல் தணிக்கை, கூடவே சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 என்று எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ்; ஒரு நாள் வந்து சுற்றிப் பார்ப்பார்கள், இரண்டு வாரத்தில் ஸ்பைரல் பைண்டிங் வந்துவிடும். அப்படி ஒரு கல்லூரிக்கு வந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். மரப் பட்டியலில் வேம்பு, புங்கை, வாகை இருந்தன, சரி. அதற்குக் கீழே தேக்கு என்று ஒரு வரிசை. அந்த வளாகத்தில் தேக்கு மரமே கிடையாது. இன்னும் சில பக்கம் தள்ளினால், கொங்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பெயர் பக்கத்தின் தலைப்பில் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

எல்லாத் தணிக்கையும் இப்படி என்று சொல்லவில்லை. ஐ.எஸ்.ஓ. 14001 மரியாதையான தரநிலை. 1996-ல் முதலில் வந்து 2015-ல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. ஆனால் ஐ.எஸ்.ஓ. அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தனியார் சான்றளிப்பு நிறுவனங்கள்தான் தருகின்றன. அந்த நிறுவனத்துக்கு, சான்றளிப்பவர்களையே சரிபார்க்கும் என்.ஏ.பி.சி.பி. போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒழுங்கான சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும், நடுவில் வருடாவருடம் கண்காணிப்புத் தணிக்கையும் உண்டு. ஆற்றல் தணிக்கை என்றால் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. நடத்தும் தேர்வில் தேறிய தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கேள்வியைப் போனிலேயே கேட்டால் பாதி பேக்கேஜ்காரர்கள் மறுபடி கூப்பிடமாட்டார்கள்.

கிரீன்மெட்ரிக்: நகரக் கல்லூரிக்கும் ஒரு வழி

வளாகங்கள் எவ்வளவு பசுமை என்று பார்க்க இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கிய தரவரிசை இது. முதல் வருடம் 95 பல்கலைக்கழகங்கள் பங்கேற்றன. பிறகு பல மடங்கு பெருகிவிட்டது. நீண்ட காலமாக ஆறு தலைப்புகளில் மதிப்பெண் போட்டு வந்திருக்கிறார்கள்: வளாக அமைப்பு 15 சதவீதம், ஆற்றலும் காலநிலையும் 21, கழிவு 18, தண்ணீர் 10, போக்குவரத்து 18, கல்வியும் ஆராய்ச்சியும் 18. மொத்தம் 10,000 புள்ளி. எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது, ஆதாரமும் ஏற்ற வேண்டும்.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், பல கேள்விகள் பின்ன வடிவில் வருகின்றன. மொத்த மின்சாரத்தைத் தலைக்கு வகுத்தால் எவ்வளவு? வளாகத்துக்குள் வரும் கார், பைக் எண்ணிக்கையை மொத்த ஆட்களால் வகுத்தால் எவ்வளவு? கார்பன் உமிழ்வு தலைக்கு எவ்வளவு? பின்னம் என்றால் மேலே ஓர் எண் வேண்டும், கீழே ஓர் எண் வேண்டும். போட்டோ உதவாது.

நம்மூர்க் கல்லூரிகளை இதில் பொருத்திப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. வளாக அமைப்புத் தலைப்பில் திறந்தவெளியின் விகிதம், மரம் செடி மூடிய பரப்பு என்று கேட்கிறார்கள். நாகமலை அடிவாரத்தில் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகம், யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி, வைகைக்கரையில் திருவேடகம் விவேகானந்தா, கருமாத்தூர் அருளானந்தர் என்று ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இங்கே கை ஓங்கும். தெப்பக்குளத்தையும் நரிமேட்டையும் சுற்றி இடம் நெருக்கடியாக இருக்கும் கல்லூரிகள் இங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

போக்குவரத்தில் நிலைமை மாறுகிறது. ஊருக்கு நடுவே இருக்கும் பெண்கள் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பெரியார் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் ஆரப்பாளையத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வரும் மாணவிகள்தான் அங்கே பெருங்கூட்டம். வண்டி எண்ணிக்கையை ஆட்களால் வகுத்தால் வரும் எண், புறநகரில் பெரிய பார்க்கிங் ஷெட் போட்ட கல்லூரியை வெட்கப்பட வைக்கும். இதற்காக அந்தக் கல்லூரி பத்துப் பைசா செலவழிக்கவில்லை. ஆனால் எந்தக் கல்லூரியும் இதைத் தன் பெருமையாக எழுதி நான் பார்த்ததில்லை. என்.எஸ்.எஸ். பிள்ளைகள் நான்கு பேரைக் காலை எட்டிலிருந்து பத்து வரை கேட்டில் நிறுத்தி எண்ணச் சொன்னால் போதும். சாதாரண நாளில் ஒன்று, பரீட்சை நாளில் ஒன்று.

தண்ணீருக்கு 10 சதவீதம்தான் என்பது எனக்கு ஒப்பவில்லை. வைகை வறண்டு கிடப்பதைப் பார்த்தே வளர்ந்த ஊருக்குத் தண்ணீர்தான் முதல் கணக்கு. மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை. 10,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆறு லட்சம் லிட்டருக்கு மேல் தேறும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி 50 தடவை வந்து போவதற்குச் சமம். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், எல்லாக் கல்லூரியிலும் குழாய் இருக்கிறது. குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று பின்னாலேயே நடந்து போய்ப் பாருங்கள். அதைச் செய்த கல்லூரிகள் குறைவு.

போர் தண்ணீருக்கு மீட்டர் வைத்த கல்லூரியும் அபூர்வம். அதனால் 'மொத்தத் தண்ணீர்ப் பயன்பாடு' என்ற கட்டத்துக்கு வந்ததும் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். மீட்டர் வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சம்ப்பின் கொள்ளளவு தெரியும். காலியான சம்ப்பை மோட்டார் எத்தனை மணி நேரத்தில் நிரப்புகிறது என்று ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். 10,000 லிட்டர் இரண்டு மணி நேரத்தில் என்றால் மணிக்கு 5,000. அப்புறம் மோட்டார் போடும், நிறுத்தும் நேரத்தை வாட்ச்மேன் ஒரு நோட்டில் எழுதினால் போதும். துல்லியம் குறைவுதான், ஆனாலும் அடுத்த வருடம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல அது காணும்.

அதே 10,000 சதுர அடியில் சுமார் 100 கிலோவாட் சோலார் போடலாம். நம் பக்க வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்கு நான்கு யூனிட் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 1.45 லட்சம் யூனிட். மின்வாரிய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கில் 100 டன் குறையும். இந்த மாதிரி ஒரு வரி கையில் இருந்தால் எந்தப் படிவத்திலும் எழுதலாம்.

ஸ்டார்ஸ்: பட்டயம் தூரத்தில், வினாத்தாள் பக்கத்தில்

அமெரிக்காவின் ஏ.ஏ.எஸ்.எச்.இ. என்ற உயர்கல்விச் சங்கம் 2010-லிருந்து நடத்தும் மதிப்பீடு இது. தரவரிசை கிடையாது, யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. நூற்றுக்கு 25 எடுத்தால் வெண்கலம், 45 வெள்ளி, 65 தங்கம், 85 பிளாட்டினம். மதிப்பெண் வேண்டாம், விவரத்தை மட்டும் வெளியிடுகிறேன் என்றால் 'ரிப்போர்ட்டர்' என்ற நிலையும் உண்டு. தகுதி மூன்று வருடத்துக்கு. முதன்முதலில் பிளாட்டினம் வாங்கியது கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம், 2015-ல்.

இங்கே வெளியிலிருந்து குழு வந்து பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, எழுதிய ஒவ்வொரு பதிலும் இணையத்தில் அப்படியே கிடக்கும், யாரும் படிக்கலாம், தவறென்று பட்டால் கேள்வி எழுப்பலாம். விவரம் சரி என்று நிறுவனத்தின் உயர் பொறுப்பில் இருப்பவர் கடிதம் தர வேண்டும். நம்மூர்க் கல்லூரியின் தணிக்கை அறிக்கையை அதன் மாணவர்களே பார்த்ததில்லை என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அருமை புரியும்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு பகுதி. வளாகத்தில் வேலை பார்ப்பவர்களின் ஊதியம் வாழப் போதுமானதா, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து என்று கேட்கிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வி எட்டுகிறதா, நிறுவனத்தின் முதலீடு எங்கே போகிறது என்றும் கேட்கிறார்கள். துப்புரவு வேலையை ஏஜென்சியிடம் விட்டுவிட்டு, வருடக் கணக்கில் தொகுப்பூதியத்தில் ஆசிரியர்களை வைத்துக்கொண்டு, வாசலில் மூங்கில் நட்டுப் பசுமை வளாகம் என்று போர்டு வைப்பவர்கள் இந்தப் பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கேள்வி எல்லாம் அமெரிக்க வளாகத்தை மனதில் வைத்துச் செய்தவை. கட்டிடத்துக்குச் சூடேற்றும் எரிபொருள் பற்றியெல்லாம் நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முழு வசதிக்குச் சந்தாவும் கட்ட வேண்டும். மானியம் பெறும் கலைக்கல்லூரிக்கு இந்தப் பட்டயத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பாடத்திட்டம் பற்றிய பகுதியை மட்டும் துறைவாரியாக நிரப்பிப் பாருங்கள் என்பேன். எத்தனை துறைகளில் சுற்றுச்சூழல் தொடர்பான பாடம் ஒன்றாவது இருக்கிறது? யு.ஜி.சி. கட்டாயமாக்கிய சுற்றுச்சூழல் கல்வித் தாளைத் தவிர்த்தால் வணிகவியலிலும் வரலாற்றிலும் கட்டம் காலியாகவே இருக்கும். நிரப்பவும் முடியும்: நாயக்கர் காலத்துத் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து தண்ணீர் வந்த வாய்க்காலை வரலாற்று மாணவர் படிக்கலாம், கல்லூரியின் கரண்ட் பில்லையே வணிகவியல் மாணவர் ஆய்வு செய்யலாம்.

டைம்ஸ், கியூ.எஸ்., என்.ஐ.ஆர்.எஃப்.

மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் 2019-ல் தொடங்கிய இம்பாக்ட் தரவரிசை ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை வைத்து நடப்பது. கூட்டாண்மை பற்றிய 17-வது இலக்கு கட்டாயம், மற்றவற்றில் நன்றாக வந்த மூன்றை எடுத்துக்கொள்வார்கள். தனக்கு வலுவான துறையில் போட்டியிட இடம் தருவது இதன் நல்ல குணம். ஆனால் கொள்கை ஆவணம், ஆராய்ச்சிக் கட்டுரை என்று கேட்பதால் ஆராய்ச்சி வலுவுள்ள பல்கலைக்கழகங்களுக்கே ஏற்றது. கியூ.எஸ். என்ற உலகத் தரவரிசை நிறுவனத்தின் நிலைத்தன்மைப் பட்டியலுக்குள் போக அவர்களுடைய மற்றத் தரவரிசைக்கான தகுதி முதலில் வேண்டும், ஆகவே நம் பக்கத்துக் கலைக்கல்லூரிகள் அதை மறந்துவிடலாம். மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.பில் 2025-ல்தான் நிலைத்த வளர்ச்சி இலக்குகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது; முதலிடம் சென்னை ஐ.ஐ.டி.க்கு. இப்போதைக்குப் பெரிய நிறுவனங்களின் ஆடுகளம். எப்படியும் என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு விவரம் அனுப்பும் கல்லூரி இந்தப் பிரிவிலும் ஒரு கண் வைத்திருக்கலாம்.

கட்டிடத்துக்குப் பசுமைச் சான்று தர ஐ.ஜி.பி.சி., கிரிஹா என்று இரண்டு உண்டு. புது பிளாக் கட்டப் போகிறீர்கள் என்றால் ஆர்க்கிடெக்ட்டிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கட்டி முடித்தபின் நினைத்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில்: அரசு விருதுகள்

வெளிநாட்டுப் பெயர்களைப் பார்த்துவிட்டு இதைச் சின்னதாக நினைக்கிறார்கள். தமிழக அரசின் மஞ்சப்பை விருதில் மாநில அளவில் மூன்று கல்லூரிகளுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் என்று பரிசு. பள்ளிகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் தனித்தனி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை வளாகத்திலிருந்து ஒழித்து, மாற்றுப் பொருளைக் கொண்டுவந்ததற்கான விருது. கேள்வி ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கேன்டீனுக்குள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்: டீ எதில் வருகிறது, பார்சல் எதில் கட்டுகிறார்கள், ஆண்டு விழாவுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் எதில் கொடுத்தார்கள். ஃபிளெக்ஸ் பேனரைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்த விருதுக்கு எழுதுவதும் கொஞ்சம் சங்கடம்தான்.

இன்னொன்று பசுமை முதன்மையாளர் விருது. மாநிலம் முழுக்க 100 பேருக்கு, தலா ஒரு லட்சம். தனி ஆள், அமைப்பு, கல்வி நிறுவனம் யாரும் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் மாவட்ட ஆட்சியர் வழியாகத்தான் போக வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். பணத்தைச் செலவழித்து வாங்குவதற்குப் பதில் பணம் கொடுத்து அங்கீகரிக்கிறார்கள் என்பதே அரசுக் கல்லூரிக்குப் பெரிய விஷயம். கன்சல்டன்ட் வைக்க அவர்களுக்கு ஏது நிதி?

எந்தக் கட்டத்திலும் அடங்காதது

2002-ல் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு சாலை போட்டார்கள். வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை: ஜல்லியைச் சூடாக்கி, துண்டு துண்டாக வெட்டிய பிளாஸ்டிக் கழிவை அதன்மேல் தூவினால் அது உருகி ஜல்லியின் மேல் பூச்சாகப் படிந்துவிடும், அதன்பின் தார். தண்ணீர் உள்ளே இறங்காது, சாலை சீக்கிரம் பெயராது. கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் குப்பைமேட்டுக்குப் போகாமல் சாலைக்குள் போகிறது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கிரீன்மெட்ரிக்கோ இம்பாக்ட் தரவரிசையோ பிறக்காத காலத்தில் நடந்த வேலை இது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் 1956-லிருந்து கிராமத்தையே வகுப்பறையாக வைத்துப் பாடம் நடக்கிறது. அதற்கும் யாரும் பச்சை இலை ஒட்டவில்லை.

இந்த வரிசையில் மதுரைக் கல்லூரிகள் இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். இரண்டு வருடத்துக்குள்ளேயே அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் திரண்டு நின்றபின் 2025 ஜனவரியில் ரத்தானது. அந்த நேரத்தில் ஊர்க்காரர்களுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, அங்கே என்னென்ன பறவை, எத்தனை சுனை, எத்தனை குளம் என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்த விவரம். 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் துறை இருக்கிற கல்லூரி, தன் ஏழு நாள் என்.எஸ்.எஸ். சிறப்பு முகாமை இதற்குத் திருப்பலாம். முகாமில் வழக்கமாகக் கோயில் வளாகம் பெருக்குவதும் பேரணி போவதும் எனக்கு அலுத்துவிட்டது.

சரி, எதற்குப் போடுவது?

ஊருக்குள் இருக்கும், மானியம் பெறும் கலை அறிவியல் கல்லூரி என்றால்: முதல் வருடம் எந்தத் தரவரிசைக்கும் போடாதீர்கள். ஜூன் முதல் மே வரை மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், தண்ணீர், குப்பை, வண்டி ஐந்துக்கும் மாதக் கணக்கு எழுதுங்கள். அந்த வருடத்திலேயே கேன்டீனைச் சரிசெய்து மஞ்சப்பைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டாம் வருடம் கிரீன்மெட்ரிக். வளாக அமைப்பில் இழப்பதைப் போக்குவரத்தில் ஓரளவு பிடித்துவிடலாம்.

அரசுக் கல்லூரிக்கு மஞ்சப்பையும் பசுமை முதன்மையாளரும் போதும். பெரிய ஹாஸ்டல் உள்ள புறநகர்ப் பொறியியல் கல்லூரியோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ என்றால் கிரீன்மெட்ரிக்கை உடனே எடுக்கலாம். மெஸ்ஸில் மிஞ்சும் சாப்பாட்டை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வந்தால் திடக்கழிவு விதிகளின்படி மாநகராட்சி வண்டியைக் காட்டித் தப்பிக்க முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருந்தால் ஸ்டார்ஸில் ரிப்போர்ட்டர் நிலையை யோசிக்கலாம், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெயர் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு டைம்ஸும் என்.ஐ.ஆர்.எஃப்.பும்.

யார் செய்வது என்பதையும் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். வழக்கம்போல, சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத உதவிப் பேராசிரியரின் தலையில் கட்டினால் அவர் கூகுள் பார்த்து எழுதிக் கொடுப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. விவரம் எல்லாம் கணக்கு அலுவலகக் கிளார்க், ஹாஸ்டல் மேனேஜர், எலக்ட்ரீஷியன், தோட்டக்காரர் கையில் இருக்கிறது. அவர்களைக் குழுவில் போடுங்கள், பேராசிரியருக்கு வாரத்தில் இரண்டு பீரியட் குறைத்துக் கொடுங்கள்.

இதெல்லாம் கேட்டபின்னும், இந்த ஜூனுக்குள் ஏதாவது ஒன்றைச் சுவரில் மாட்டியே ஆக வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால், பி.இ.இ. தேர்வில் தேறிய தணிக்கையாளரை வைத்து ஆற்றல் தணிக்கை மட்டும் செய்யுங்கள். நல்ல அறிக்கையில் எந்த மோட்டாரை, எந்த ஃபேனை மாற்றினால் எவ்வளவு செலவு, எத்தனை மாதத்தில் பணம் திரும்பும் என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணை இல்லாமல் வந்தால் பில்லைப் பாஸ் பண்ணாதீர்கள்.